அறை கேட்டேன், முறை கொடுத்தார்

வந்தவனைச் சொந்தக்காரன் ஆக்காமல் அறைச் சாவியைக் கொடுக்க மாட்டேன் என்று அடம்பிடித்த விடுதிக்காரர் இந்த உலகத்தில் ஒருவர்தான். ஊரில் அவருக்கு முறைக்காரர் என்று பெயர். சொந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

உச்சிப்புளிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். தாத்தா காலத்துப் பெரிய வீட்டை ‘பாரம்பரிய இல்லம்’ என்று இணையத்தில் போட்டு, தங்குவதற்கு விட்டிருந்தார். சொத்துத் தகராறில் என் அண்ணன்களோடு எனக்குப் பேச்சு அறுந்திருந்த சமயம் அது. பங்காளி என்ற சொல்லைக் கேட்டாலே கை முறுக்கேறும். சொந்தபந்தம் எவன் முகத்திலும் விழிக்காமல் கொஞ்ச நாள் கிடப்போம் என்றுதான் அங்கே போனேன்.

“சாவியக் குடுங்க” என்றேன்.

“தாரேன். எங்கிட்டிருந்து வாரீக? குலசாமி எது?”

“அது எதுக்குங்க? இந்தா ஆதார் கார்டு.”

“அதுல குலசாமி போட்டிருக்க மாட்டானே. சாமி தெரிஞ்சாத்தானே முறை தெரியும்? முறை தெரியாத ஆள எப்படி உள்ள விட?”

அவர் கணக்கு எளிது. வேறு சாமி கும்பிடுகிறவன் மாமன், மச்சான். அதே சாமி என்றால் பங்காளி. பயண எரிச்சலில் இதையெல்லாம் யோசிக்காமல், பேச்சு முடிந்தால் போதும் என்று, “உங்களுக்கு எதுவோ அதேதான் எனக்கும்” என்று சொல்லித் தொலைத்தேன்.

மனிதர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “ஆத்தாடி, பங்காளியா! வாரதெல்லாம் மச்சானாவே வந்துக்கிட்டிருந்துச்சு. நம்ம ஆளுக பூராம் அவுக பங்குப் பாதி வீட்டப் பூட்டிட்டு வெளியூரு போயிட்டாக. இங்கன ஒத்தையில கெடந்தேன்.”

பக்கத்து அறையில் ஒரு ஜெர்மன்காரர். அவரிடம் குலசாமியை எப்படி விசாரித்தாரோ, மச்சான் ஆக்கியிருந்தார். மச்சானுக்கு முதல் பந்தி, நண்டுக் குழம்பு. கேலியும் உண்டு. காலையில் வெளியே வந்த மச்சான் தலையில் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைக் கவிழ்த்தார். அந்த ஆள் சொட்டச் சொட்ட என்னிடம் வந்து, “நான் என்ன தப்பு செய்தேன்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்கு மட்டும் என்ன தெரியும்?

எனக்கு நண்டு கிடையாது. “நாம வீட்டாளுக. மச்சான் தின்னு மிஞ்சினாப் பாப்போம்” என்று சோற்று வாளியை என் கையில் திணித்தார். வாடகை கட்டிவிட்டு ஜெர்மன்காரருக்குப் பரிமாறினேன். அது முடிந்ததும் கட்டிலைத் தூக்கி இடம் மாற்ற ஒரு கை பிடிக்கச் சொன்னார்.

“நான் காசு குடுத்துத் தங்க வந்தவன்யா!” என்று கத்தினேன். தலைக்கு மேல், பக்கத்துத் தளத்திலிருந்து கிளம்பிய கடற்படை விமானம் போய்க்கொண்டிருந்தது. அதையும் தாண்டிக் கத்தினேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “இப்படித்தான் சண்ட போடணும்! எங்க சித்தப்பன் மகனும் இப்படியேதான் கத்துவான்.”

திட்டினால் பூரிக்கிற ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். பேருந்துவரை வந்து, “பங்காளி கோவிச்சுக்கிட்டுப் போறாக, பாத்து எறக்கி விடுங்க” என்று நடத்துநரிடம் பெருமையாகச் சொன்னார்.

தை பிறக்கச் சில நாள் இருக்கும்போது முறைக்காரரிடமிருந்து போன் வந்தது.

“எங்க சின்னய்யா தவறிட்டாரு. தூரம், நீங்க வர வேணாம். தகவல் சொல்லணும்ல, சொல்லிட்டேன். பங்காளிக்குத் தீட்டு. இந்தத் தடவ பொங்கல் வைக்காதீக.”

“என் வீட்டுப் பொங்கல நிறுத்த நீ யாருய்யா?” என்று கத்திவிட்டு வைத்தேன். செத்தவர் முகம் தெரியாது, பெயர் தெரியாது. எங்கள் இருவருக்கும் பொதுவான அந்தக் குலசாமி எதுவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பொங்கலன்று காலையில் மனைவி பானையைக் கழுவி எடுத்து வந்தாள்.

“உள்ள வையி. நமக்குத் தீட்டு” என்றேன்.

“அய்யோ, யாருக்கு என்ன ஆச்சு?”

“பங்காளி வீட்ல ஒரு சாவு.”

“உங்க அண்ணன் வீட்லயா?” பதறிப்போனாள்.

“இல்ல. உச்சிப்புளிப் பங்காளி வீட்ல.”