வசனத்தில் மச்சான் இல்லை

மிகுந்த மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் மனைவியின் ஒரே தம்பி, சபைக் கமிட்டிச் செயலாளர், ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. நாங்கள் எல்லோரும் நலம். நீங்களும் நலமாக இருப்பதாக, உங்களோடு பேச்சுவார்த்தை உள்ளவர்கள் சொல்லக் கேட்டுச் சந்தோஷப்படுகிறேன். அக்காவின் முழங்கால் வலி தேவலை என்றும் அறிகிறேன். அக்கா மாடிப்படியில் ஒளிந்து நின்று எனக்குப் போன் செய்வதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

நிற்க. ஆலயத்தை ஒட்டிய அறையில், பாடகர் குழுவின் அங்கிகள் தொங்கும் கம்பிக்குக் கீழே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சுவருக்கு அந்தப்பக்கம் சபை முழுவதும் பசியோடு காத்திருக்கிறது. அதற்குக் காரணம் நான் என்கிறார்கள். புதிதாக வந்திருக்கும் போதகர்தான் காரணம் என்பது என் கட்சி. விவரத்தைச் சொல்கிறேன், நீங்களே தீர்மானியுங்கள். உங்களிடம் நடுநிலையை நான் எதிர்பார்க்கவில்லை.

நம் சபையின் குணம் உங்களுக்குத் தெரியாததல்ல. பண்டிகைக்கு வருவோம், வந்தால் குறைவில்லாமல் வருவோம். புதுத்துணி, புதுச்செருப்பு, செருப்பு கடிக்கிற இடத்தில் பஞ்சு. பிரசங்கத்தில் மேய்ப்பர்கள் வருவார்கள், நட்சத்திரம் வரும், மாட்டுத்தொழுவம் வரும். எல்லாம் வெகுதூரத்தில் நடந்த சங்கதி என்பதால் யாருக்கும் இடைஞ்சல் கிடையாது. இந்த இளம் போதகரோ மேய்ப்பர்களைத் தொடவே இல்லை. காணிக்கை செலுத்த வந்த இடத்தில், சகோதரனுக்கு உன்மேல் ஒரு குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று இருக்கிறதே, அதை எடுத்தார். எடுத்ததில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அதுவும் வேதத்தில் இருப்பதுதான். வாசித்ததோடு விட்டிருக்கலாம். "சரி, போய்ட்டு வாங்க" என்றார். ஒருவருக்கும் புரியவில்லை. "இப்பவேதான். யாருக்கு உங்க மேல மனக்குறையோ, அவங்களைப் பார்த்துப் பேசிட்டு வாங்க. எல்லாரும் திரும்பி வந்த பிறகுதான் ஆசீர்வாதம். நான் எங்கயும் போகப் போறதில்ல" என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். ஆசீர்வாதம் வாங்காமல் பண்டிகைச் சாப்பாட்டில் கைவைக்க நம் ஆட்களுக்குத் துணிச்சல் கிடையாது என்பதை, வந்த வேகத்திலேயே கண்டுபிடித்திருக்கிறார் பாருங்கள்.

முதலில் எழுந்தவர் தையற்கடை அம்மா. அவர் நம்மிடம்தான் வருகிறாரோ என்று பயந்து நாலு பேர் எழுந்தார்கள், அவர்களைப் பார்த்து நாற்பது பேர் எழுந்தார்கள். மருந்துக்கடைக்காரரும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரும் ஒரே பெஞ்சில் ஆளுக்கொரு நுனியில் வருஷக்கணக்காக உட்காருகிறவர்கள். இருவரும் நடுவுக்கு நகர்ந்து கட்டிப்பிடித்து அழுதார்கள். சபையே உருகிக்கொண்டிருந்தபோது, "முதல்ல நகர்ந்தது நான்தான்" என்று ஒருவர் சொல்ல, "நீங்க எங்க நகர்ந்தீங்க, குடையைத்தான் நகர்த்தி வச்சீங்க" என்று மற்றவர் சொல்ல, பழைய நுனிகளுக்கே திரும்பிப்போய் மறுபடி முதலிலிருந்து நகர்ந்து வர வேண்டியதாயிற்று. பல் டாக்டரின் மனைவி பக்கத்து வீட்டுக்காரரைத் தேடிப்போய், "உங்க பொண்ணு வயலின் வாசிச்சா பூனையைக் குளிப்பாட்டற மாதிரி இருக்குன்னு சொல்லிட்டேன், மன்னிச்சிடுங்க" என்றிருக்கிறார். "எப்ப சொன்னீங்க?" "அப்பப்ப." அந்த மனிதருக்கு அதுவரை குறையே கிடையாது. இப்போது இருக்கிறது. ஆகவே அந்த அம்மாள் இரண்டாம் தடவையும் போனார். நம் சபையில் பாதிப்பேருக்கு வீடு வாடகைக்கு விட்டிருப்பவரின் வாசலிலோ வரிசையே நின்றிருக்கிறது. அவர் வெளியே வந்து, "மாடியில பந்து விளையாடினவங்க இந்தப் பக்கம், குழாயைத் திறந்து போட்டவங்க அந்தப் பக்கம்" என்று பிரித்து நிறுத்தி, கடைசியில் எல்லோரையும் மன்னித்து, தான் கூரை ஒழுகலைக் கவனிக்காததற்கு அவர்களிடம் மன்னிப்பும் கேட்டாராம். சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. திரும்பி வந்தவர்களின் நடையைப் பார்த்தால் ஒருவருக்கும் செருப்பு கடிப்பதாகத் தெரியவில்லை.

ஆலயம் காலியாக இருந்த வேளையில் நானும் போதகரும் மட்டும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம்.

"ஐயா, நீங்க போகலையா?"

"எனக்கு சகோதரன் கிடையாது, பாஸ்டர். ஒரே ஒரு அக்கா."

"அக்கா வீட்டுக்காரர்?"

"அவர் மச்சான். வசனத்துல மச்சான் இல்ல."

"அவருக்கு உங்க மேல குறை உண்டா?"

"அவருக்குக் குறை இல்லாத ஆளை நான் இன்னும் பார்க்கலை."

"உங்க மேல என்ன குறை?"

கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். போன கிறிஸ்துமஸ் ஆராதனையில் நீங்கள் தனியாகப் பாடியதும், ஆர்கன் ஒரு சுருதியிலும் நீங்கள் அதற்குப் பக்கத்துத் தெருவிலும் இருந்ததும், மைக்குக்குப் பொறுப்பாக இருந்த நான் சபையின் நலன் கருதி அதை அணைத்ததும், நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை பாடியதும், பிறகு "எப்படி இருந்தது?" என்று எல்லோரிடமும் கேட்டதும், "ரொம்ப அமைதியா இருந்தது" என்று அவர்கள் சொன்னதும், வீடியோவைப் பார்த்த நாளிலிருந்து நீங்கள் ஆலயத்துக்கும் என் வீட்டுக்கும் வராததும், இரண்டு தெரு தள்ளி இருந்தும் நான் அக்கா வீட்டு வாசற்படி மிதிக்காததும். போதகர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். "கண்ணை மூடிக்கிட்டா பாடினார்?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது எல்லோரும் வந்தாயிற்று. என் மனைவி கதவைத் திறந்து, "கிளம்புங்க, குழந்தைங்க பசில அழுதுங்க" என்கிறாள். "யார் குழந்தை?" என்றேன். "எல்லார் குழந்தையும்தான்" என்கிறாள். ஆகவே செயலாளர் என்ற முறையில் தெரிவித்துக்கொள்வது: தங்களுக்கு என்மேல் உள்ள குறை எனக்கு நினைவிருக்கிறது. மைக்கை அணைத்தது சரியே. நேரில் வரும் உத்தேசம் இல்லை, கடிதம் வந்தால் ஆள் வந்த மாதிரிதான். கிடைத்தது என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் இத்தனை குடும்பங்கள் சாப்பிடப் போகும்.

அக்காவுக்கு என் அன்பு. தேவ சமாதானம் தங்கள் இல்லத்தில் தங்கியிருப்பதாக. என்னுடைய பங்கு சமாதானம் இரண்டு தெருவுக்கு அப்பாலிருந்தே வந்து சேர்வதாக.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்,
செயலாளர்.

பி.கு.: இதைக் கொண்டுவர ஒருவரும் சம்மதிக்கவில்லை. அவரவர் வேலையை அவரவரே நடந்துபோய் முடித்தார்களாம். ஆகவே நானே கொண்டுவந்து, உங்கள் வாசற்கதவில் தாளை வைத்து இதை எழுதுகிறேன். எழுத்துக் கோணல் கதவின் குற்றம். அடியில் தள்ளிவிட்டு ஓடிவிடலாம் என்றால், தெருமுனையில் சபை மொத்தமும் நின்று மேகத்தைப் பார்ப்பது போலப் பாவனை செய்கிறது. மேலே எழுதியதில் வாழ்த்துகளையும் அக்காவுக்கான அன்பையும் தவிர மீதி எல்லாவற்றையும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும். ஒரு மனிதர் கண்ணை மூடிக்கொண்டு பாடும்போது சுருதி பார்த்திருக்கக் கூடாது என்று வழியில் தோன்றியது. பேனா கரகரக்கிற சத்தம் கேட்டோ என்னவோ, கதவுக்கு அந்தப்பக்கம் யாரோ வந்து நிற்கிறார்கள். அடியில் இரண்டு கால்களின் நிழல் தெரிகிறது. நான் மணியடிப்பேன் என்று நீங்களும் நீங்கள் திறப்பீர்கள் என்று நானும் நிற்கிறோம் போலிருக்கிறது. தாளில் இனி இடமில்லை. திறங்க, மச்சான்.