அண்ணனுக்கு நான் செய்த பெட்டி

இயேசுவை வளர்த்த சூசையப்பர் தச்சர். எனக்கும் அவர் பெயரைத்தான் வைத்தார்கள். இந்த ஒரே ஆதாரத்தை நம்பி, எனக்கு மரவேலை வரும் என்று இருபத்தேழு வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன். (புனிதர் மன்னிக்க வேண்டும். என் கையில் உளியைப் பார்த்தபோதெல்லாம் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார்.)

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பாலராமபுரத்தில் ஒரு துணிக்கடையில் வேலை. நாள் முழுக்கக் கழுத்தில் இஞ்சு டேப்பைத் தொங்கவிட்டுத் துணி அளப்பேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால், வீட்டுக்குப் பின்னால் இருந்த ஓலைச்சாய்ப்பில் என் பட்டறை. ஒரு அறுப்புவாள், ஒரு இழைப்புளி, இரண்டு உளி. மரத்தின் நார் ஓடுகிற பக்கமாக இழைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதுதான் தெரியாது. அதனால் நான் இழைத்த பலகையில் கையை வைத்தவர்கள் ஊசி தேடினார்கள், சிராயை எடுக்க.

என் அண்ணன் மரியதாசுக்குப் பாறசாலைக்குப் போகிற வழியில் சாயக்கடை, டீக்கடைதான். அங்கே கிடந்த பெஞ்சு நான் செய்தது. அயனிப் பலகை, நாலு கால். மூன்று கால் தரையைத் தொடும். நாலாவது கால் நினைத்தால் தொடும். அண்ணன் அதன் அடியில் ஒரு தேங்காய்ச் சிரட்டைத் துண்டை முட்டுக்கொடுத்து வைத்திருந்தான். கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் எல்லை போடாத காலம் அது. எங்கள் பக்கம் முழுக்க ஒரே பேச்சு: தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஒரு கூட்டம், திருவனந்தபுரத்தோடு இருந்தால் போதும் என்று இன்னொரு கூட்டம். இரண்டு கூட்டமும் சாயா குடித்தது அந்த ஒரே பெஞ்சில்தான்.

பேச்சு முற்றினால் அண்ணன் அடுப்படியில் இருந்தே சத்தம் போடுவான். "மெதுவாப் பேசுங்க மக்கா! தம்பி செய்த பெஞ்சாக்கும். எந்தப் பக்கம் சாயும்ணு அவனுக்கே தெரியாது."

எல்லாரும் சிரிப்பார்கள். எனக்குக் காது சிவக்கும். ஒருநாள் கேட்டே விட்டேன். "பின்னே எதுக்கு வச்சிருக்கே? தூக்கி அடுப்பில போடப்பிடாதா?"

"எலே, கெடக்கட்டும். ஆனா ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்க. நான் செத்தா எனக்க பெட்டிய நீ செய்யாண்டாம். குழிக்குள்ள கெடந்து ஆட என்னால முடியாது."

அதே மழைக்காலத்தில் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. பதினோரு நாள் கிடந்தான். கஞ்சித் தண்ணீர்கூட இறங்கவில்லை. எல்லைப் போராட்டத்தில் கடைகள் அடைப்பு, பஸ் கிடையாது. நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய், டாக்டர் கைவிரிக்க, கட்டிலோடு திரும்பி வந்தோம். பன்னிரண்டாம் நாள் விடியும்போது, மதினி ரோசம்மாள் செபமாலையை அவன் கையில் சுற்றிக்கொண்டிருந்தபோதே போய்விட்டான். முப்பத்திரண்டு வயது.

வேலப்பன் ஆசாரி காலையிலேயே வந்தார். தன் தச்சுக்கோலை அண்ணன் பக்கத்தில் வைத்து அளந்தார். "உச்சைக்கு முன்ன, பன்னிரண்டு மணிக்குள்ள பெட்டி தாறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் ஒரு மணி நேரம் கழித்து வந்தது அவருடைய மருமகன். கைவண்டியில் மாம்பலகைகளும் ஒரு துண்டுக் காகிதமும் இருந்தன.

"பட்டறைக்க முன்னால போலீஸ் லாரி நிக்குது. மாமாவ வெளிய விடல்ல. பலகையாவது கொண்டு கொடுண்ணு சொன்னாரு. வேற ஆரையாவது வச்சுச் செய்யுங்க."

காகிதத்தில் ஆசாரியின் கையெழுத்து. நீளம் 62. வீதி (அகலம்) 20. உயரம் 16. அவ்வளவுதான்.

வேறு யாரை வைப்பது? ஐந்து மணிக்கு மேல் கூட்டமாக யாரும் ரோட்டில் நடக்கக்கூடாது என்று போலீஸ்காரர்கள் கோயிலில் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அதற்குள் அண்ணனை அடக்க வேண்டும். பாயில் சுற்றிக் கொண்டுபோகலாம் என்று மாமா ஒருவர் சொன்னார். மதினி என்னைப் பார்த்தாள்.

"நான் செய்யுதேன்" என்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அண்ணன் சொன்னது எனக்கு மறக்கவில்லை. அதனால்தான் செய்ய நினைத்தேன். ஒரே ஒரு பொருள், ஆடாமல், சாயாமல், அவனுக்கென்று. அதுவும் இல்லாமல், அந்த அறையில் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க எனக்குத் திராணி இல்லை. வாள் சத்தம் கேட்டால் மதினியின் அழுகைச் சத்தம் கேட்காது.

டேப்பை எடுத்தேன். அறுபத்திரண்டு இஞ்சு அளந்து கோடு போட்டேன். என் வாழ்நாளில் அப்படி நேராக அறுத்ததில்லை. மூலைமட்டம் வைத்தால் வெளிச்சம் புகவில்லை. ஆணி ஒன்றுகூட வளையவில்லை. சூசையப்பரே பக்கத்தில் நிற்கிறார் என்று நினைத்தேன். கடைசியில் தரையில் வைத்து அமுக்கிப் பார்த்தேன். ஆடவில்லை!

அளவு சரிதானா என்று பார்க்க நானே உள்ளே ஏறிப் படுத்தேன். கச்சிதமாக இருந்தது. தலைக்கு மேலே இரண்டு விரல் இடம்கூட மிச்சம்.

நான் ஐந்தடி. அண்ணன் என்னைவிட ஒரு தலை உயரம். இது ஊருக்கே தெரியும், எனக்கு அப்போது உறைக்கவில்லை. பதினோரு நாள் காய்ச்சலில் அவனைத் தூக்கி உட்காரவைத்தும் படுக்கவைத்தும், கடைசியில் என் கண்ணுக்கு அவன் சின்னப் பிள்ளையைப்போல ஆகியிருந்தான். அதுதான் காரணம். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

மூன்று மணிக்கு அண்ணனைத் தூக்கிப் பெட்டியில் வைத்தோம். தலை உள்ளே போனது. தோள் எப்படியோ அடங்கியது. இரண்டு குதிகாலும் கால்மாட்டுப் பலகையின் மேல் ஏறி நின்றன. சாயக்கடையில் அடுப்புத் திண்டின் மேல் காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்திருப்பானே, அதேபோல.

அப்போதுதான் வேலப்பன் ஆசாரி, ரோட்டை விட்டு மரச்சீனித் தோட்டம் வழியாக, முட்டளவு சேற்றோடு வந்து சேர்ந்தார். பெட்டியைப் பார்த்தார். என் கழுத்தில் கிடந்த டேப்பைப் பார்த்தார்.

"எடா சூசை, நீ எதுகொண்டு அளந்தாய்?"

"இஞ்சு டேப்பு..."

"எடா, ஞான் கோல்கொண்டல்லே அளந்தது! அது அறுபத்திரண்டு விரலாக்கும், இஞ்சல்ல!"

ஆசாரிமாருக்குக் கோலும் விரலும்தான் கணக்கு. ஒரு விரல் ஒரு இஞ்சைவிடக் கொஞ்சம் பெரியது. அந்தக் கொஞ்சம் அறுபத்திரண்டு தடவை சேர்ந்ததில் என் அண்ணனுக்குப் பதினோரு இஞ்சு போய்விட்டது.

நான் தலையில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். முதலில் சத்தம் வந்தது மதினியிடமிருந்து. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அவரு அப்பவே சொன்னாரே... செய்யாண்டாம்ணு சொன்னாரே..." சிரிப்பு அப்படியே உடைந்து பெரிய அழுகையானது. அண்ணனின் இரண்டு பாதங்களையும் மாரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பெட்டி சரியாக இருந்திருந்தால் அவளுக்கு அந்தப் பாதங்கள் கிடைத்திருக்காது என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். (இது என் குற்றத்துக்கு நானே தேடிக்கொண்ட சமாதானம். தெரியும்.)

அறுத்த துண்டுகளையெல்லாம் நான் அடியில் குறுக்குச் சட்டமாக அடித்துவிட்டிருந்தேன், பலகை மிச்சம் இல்லை. "வேற பலகை உண்டா?" என்றார் ஆசாரி. மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு சாயக்கடைப் பக்கம் கையைக் காட்டினாள்.

பெஞ்சை அறுத்தோம். ஆசாரி அறுத்தார், நான் பிடித்தேன். கால்மாட்டுப் பலகையைக் கழற்றி, பெஞ்சுப் பலகையால் ஒரு அடி ஒட்டுப் போட்டு, மூடியையும் நீட்டினோம். மேலே வெள்ளை மாம்பலகை, கால்பக்கம் கறுத்த அயனி. அதில் வட்டம் வட்டமாகச் சாயா கிளாஸ் வைத்த கறை.

பெட்டியை மந்திரிக்க வந்த பங்குச் சாமியார் குனிந்து பார்த்தார். "இதென்ன பாடு?"

"சாயாக் கறை, சாமி" என்றேன்.

அவர் அந்த இடத்தில் மட்டும் இன்னொரு தடவை தீர்த்தம் தெளித்தார். ஐந்து அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது அண்ணனை இறக்கினோம். பெட்டி குழியில் சமமாக உட்கார்ந்தது. நான் நன்றாகப் பார்த்தேன். ஆடவில்லை.

அதற்குப் பிறகு எல்லை போட்டார்கள். நாங்கள் கேரளத்தில் நின்றோம், மதினியின் அம்மா வீடு தமிழ்நாட்டுக்குப் போனது. இன்றும் இரண்டு பக்கத்திலும் எங்கள் குடும்பத்தில் யாராவது எதையாவது அளந்தால், ஜன்னல் திரையானாலும் கல்யாணப் பந்தலானாலும், ஒரு குரல் வரும்: "விரலா, இஞ்சா? சூசைகிட்ட கேட்டுட்டு அறு." வெளியூர் விசேஷத்தில் எனக்குப் பாய் விரித்தால், "சித்தப்பா அளந்த பாயா? காலை மடக்கிக்கிடுங்க" என்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிக்கும்போது அவனுடைய குதிகால்கள் கண்ணுக்கு முன்னால் வரும்.

அறுத்ததுபோக மிச்சமிருந்த பெஞ்சுக்கு, மதினி கேட்டுக்கொண்டதால், நானே கால் மாற்றிப் போட்டேன். நாலு காலும் தரையில் பதிந்தன. நான் செய்ததில் ஆடாமல் நின்ற இரண்டாவது பொருள் அது. பெருமையோடு மதினியைக் கூப்பிட்டேன். அவள் வந்து கையால் அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை. உள்ளே போய், அந்தப் பழைய சிரட்டைத் துண்டை எடுத்துக்கொண்டு வந்து, ஒரு காலுக்கு அடியில் செருகினாள்.

பெஞ்சு ஒரு பக்கம் சாய்ந்தது. அதில் உட்கார்ந்து, "இப்பச் சரியா இருக்கு" என்றாள்.