தண்ணீர்த் தொட்டியும் என் உலக மகா உரையும்

பிள்ளைகளே, பெரிய மனிதர்கள் மாதிரி பேசினால் நாமும் பெரிய மனிதராகிவிடலாம் என்று நம்பியவன் நான். (சிரிக்காதீர்கள், மேலே படியுங்கள்.)

நான் தண்ணீர் மோட்டார் மெக்கானிக். புதுச்சேரி உழவர்கரையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில், தொட்டி நிரம்பினால் மோட்டார் தானாக நிற்கும்படி ஒரு மிதவை சுவிட்ச் மாட்ட வேண்டும். அந்த வேலை கிடைத்தால் வருஷம் முழுக்கப் பராமரிப்பும் எனக்கே. “மீட்டிங்ல வந்து நாலு வார்த்த சொல்லுங்க” என்றார்கள் குடியிருப்போர் சங்கத்தில்.

எனக்கா பேச வரும்? செயற்கை நுண்ணறிவுக் கம்பெனி முதலாளிகள் மேடையில் பேசுவதைப் போனில் பார்த்துப் பாடம் படித்தேன். ‘எல்லா நோயும் தீரும்’ என்பார்கள். அதே மூச்சில் ‘மனித குலமே அழியலாம், எனக்கே தூக்கம் வரவில்லை’ என்பார்கள். ‘அரசாங்கமே, இதற்கு ஒரு சட்டம் போடு’ என்பார்கள். அப்புறம், இதைவிடப் பெரிய புது மாடல் அடுத்த மாதம் வருகிறது என்பார்கள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டும். அடடா, இதுவல்லவா பேச்சு!

மீட்டிங்கில் இஸ்திரி போட்ட சட்டையோடு பேச எழுந்தேன்.

“இந்த சுவிட்ச்சு உலகத்தையே மாத்தப் போவுது. இனிமே மோட்டார் பக்கத்துல மனுஷனே தேவையில்ல. இதப் பாத்தா எனக்கே பயமா இருக்கு.”

ஒரு கைகூடத் தட்டவில்லை. இடுப்பில் குழந்தையோடு இருந்த ஒரு அம்மா நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

சங்கத் தலைவி, பிரெஞ்சு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற மதாம். கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

“மாட்டுற நீயே பயப்படுறியேப்பா. அப்படி என்ன பண்ணும் இது?”

“யாருக்கும் முழுசா தெரியாது மதாம். இதுக்கு ஒரு சட்டம் போடணும்னு நானே அரசாங்கத்தக் கேக்கறேன்.”

“சட்டம் வர்ற வரைக்கும்?”

“நாளைக்குக் காலையில மாட்டிடறேன்.”

பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். “யோவ், தண்ணி ரொம்புனா நிக்குமா நிக்காதா? அத மட்டும் சொல்லுய்யா!”

எனக்கு நிஜமாகத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான். “நிக்கும் சார்” என்றேன். அதைத்தான் யாரும் நம்பவில்லை.

“வேல உனக்குத்தான்” என்றார் மதாம். “ஆனா நீ சொன்னதக் கேட்டப்புறம் அத தனியா விட முடியாது. எங்க பயம் தெளியற வரைக்கும், மோட்டார் ஓடறப்பல்லாம் நீ பக்கத்துல உக்காரு.”

ஆக, மனிதனே தேவைப்படாத மோட்டாருக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அது சமர்த்தாகத் தானே நிற்கும். நான் மாடியைப் பார்த்து “நின்னுடுச்சு மதாம்!” என்று அறிக்கை கொடுப்பேன். சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி செல்வி எல்லார் எதிரிலும் கேட்டாள்: “மனுஷனுக்கு ரசம் ஊத்திட்டேன். மெஷினுக்கும் ஒரு தட்டு வெக்கட்டுமா?”

இன்றும் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் என் மகள் ஒரு தட்டு அதிகமாக வைக்கிறாள். யாருக்கு என்று விருந்தாளிகள் கேட்டதும் நான் கைகழுவ எழுந்துவிடுவேன்.