பூனையின் குளியல் விருப்பம்

ஒரு காட்டில், அருவிக்குப் பக்கத்து மேட்டில், வயதான மிருகங்களுக்கென்று ஓர் இல்லம் இருந்தது. அதை நடத்தியது சாந்தா என்கிற வாத்து. ரொம்ப நல்ல வாத்து. நல்லவர்கள் கையில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதுதான் கதை.

அங்கே கனகாம்புஜம் என்றொரு கிழப் பூனை. பல் போய், மூட்டு போய், மகன்கள் வந்து பார்ப்பதும் நின்றுபோய், அதற்கென்று மிச்சமிருந்தது நாக்கு ஒன்றுதான். வெயிலில் உட்கார்ந்து, தன் உடம்பைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்வதில்தான் அதன் மானமே இருந்தது. ஆனால் வாத்துக்குக் குளியல் என்றால் தண்ணீர். விடிந்ததும் ஒரு வாளித் தண்ணீரைப் பூனையின் தலையில் கவிழ்த்து, "இப்பத்தான் முகத்துல களையே வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் போகும். பூனை பீரோ மேல் ஏறி ஒளிந்து பார்த்தது. ஏணி வந்தது. கடைசியில் பால் குடிப்பதையே நிறுத்தியது.

அந்தச் சமயத்தில் சிங்கத்திடமிருந்து ஓர் உத்தரவு வந்தது. முதியோரின் குளியல் விருப்பத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டுமாம்.

வாத்து கட்டிலருகே வந்து உட்கார்ந்தது. "அம்மா, உங்களுக்கு எப்படிக் குளிச்சாப் பிடிக்கும்?"

பூனைக்கு அழுகையே வந்துவிட்டது. "நக்கித்தான். காலை வெயில்ல. முதல்ல வலது முன்னங்கால், அப்புறம் காதுக்குப் பின்னால, வால் கடைசியா" என்று ஒன்றுவிடாமல் சொன்னது. அன்று கிண்ணத்துப் பாலைச் சொட்டு வைக்காமல் குடித்தது.

மறுநாள் வெயிலில் உட்கார்ந்து நாக்கை நீட்டியதுதான் தாமதம், தோளில் துண்டோடு ஒரு நாய் வந்து நின்றது.

"வணக்கம்மா. என் பேரு ஏகாம்பரம். உங்களை நக்கிவிடச் சொல்லி அனுப்பியிருக்காங்க."

"நானே நக்கிக்குவேன்."

"இங்க பெரியவங்க தனியாக் குளிக்கக் கூடாதும்மா. வழுக்கி விழுந்துட்டா யார் பதில் சொல்றது?"

"நக்குறதுல எங்கடா வழுக்கி விழுறது?"

"அது தெரியலம்மா. பயிற்சியில அப்படித்தான் சொன்னாங்க" என்று ஏகாம்பரம் வலது முன்னங்காலில் ஆரம்பித்தது.

வேலையில் குறை சொல்லவே முடியாது. காது, வால் எல்லாம் சொன்ன வரிசைப்படி நடந்தது. நாய் போனபிறகு கனகாம்புஜம் தன் காலைத் தானே ஒருமுறை நக்கிப் பார்த்தது. நாய் தின்ற பழைய எலும்பின் ருசிதான் வந்தது.

நேரே வாத்திடம் போய், "எனக்கு நாய் வேண்டாம்" என்றது.

"பூனை ஆள் வேணும்னு விளம்பரம் கொடுத்தோம்மா. எங்க வருது? கூப்பிட்டா வர்ற இனமா அது?"

கனகாம்புஜமும் பூனை என்பதால் இதை ஒப்புக்கொண்டு திரும்பி நடந்தது.

அடுத்த நாள் அது தானாகவே வாளிக்கு முன்னால் போய்க் கண்ணை மூடிக்கொண்டு நின்றது. "ஊத்து" என்றது. வாத்து ஆனந்தக் கண்ணீர் விட்டது. 'விரும்பிக் குளிக்கும் எங்கள் அம்மா' என்று எழுதி வாசலில் படம் மாட்டியது. பிறகு, நனைந்து வெடவெடத்துக்கொண்டிருந்த பூனையிடம் குனிந்து அன்பாகக் கேட்டது.

"துவட்டிவிடறது எப்படிம்மா பிடிக்கும்?"

பக்கத்தில் ஏகாம்பரம் தயாராக நின்றுகொண்டிருந்தது. கனகாம்புஜம் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு, "எனக்கு எதுவுமே பிடிக்காது" என்றது.

நீதி: உன் விருப்பத்தைக் கேட்காதவர்கள் ஒரு வாளித் தண்ணீரோடு விட்டுவிடுவார்கள்; கேட்பவர்கள் அதற்கு ஆள் போட்டுவிடுவார்கள்.