நெடி வராத மிளகாய்

‘வீட்டோடு வைத்தியம்’ பக்கம் எழுதும் மதிப்புக்குரிய சரசா அம்மா அவர்களுக்கு,

முகப்பேரிலிருந்து அருள்செல்வி எழுதுவது. இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்கவும். மெயிலில் மணியைப் பார்த்ததும் இவளுக்கு வேறு வேலையே இல்லையா என்று நினைப்பீர்கள். இருக்கிறது, அது இப்போதுதான் தூங்கியது. தங்களுக்கும் வீட்டாருக்கும் ஆண்டவர் நல்ல சுகம் தரட்டும். எங்கள் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

என் மகள் ஃபெபிக்கு ஏழு மாதம். பொழுது சாய்ந்தால் வீல் வீலென்று அழுகிறாள். கூட இருந்த அம்மா, அண்ணியின் பிரசவத்துக்கென்று நாகர்கோவில் போய்விட்டார்கள். கணவர் லிபினுக்கு நைட் ஷிஃப்ட், விடிந்து வந்ததும் படுத்துவிடுவார். நாளெல்லாம் நான் பேசுவது ஃபெபியிடமும் பார்சல் கொண்டுவருபவரிடமும்தான். அவரும் ஓ.டி.பி.யோடு நிறுத்திக்கொள்கிறார். அப்படியிருக்கப் போன வாரம் தங்கள் குறிப்பைப் படித்தேன். காய்ந்த மிளகாயும் கல்லுப்பும் எடுத்துக் குழந்தையைச் சுற்றி அடுப்பில் போடவும், நெடி வராவிட்டால் கண்பட்டிருக்கிறது, வரும்வரை போடவும் என்று எழுதியிருந்தீர்கள். நான் எம்.எஸ்ஸி. வேதியியல். ஞாயிறு பூசையும் தவறாதவள். ஆனாலும் மாதா படத்திடம் கொஞ்சம் அந்தப் பக்கம் பாருங்கள் என்று சொல்லிவிட்டுச் சுற்றினேன். எங்களுடையது இண்டக்‌ஷன் அடுப்பு, அதனால் தோசைக்கல்லைச் சூடாக்கிப் போட்டேன். மிளகாய் கருகிற்று, நெடி இல்லை. இன்னும் போட்டேன், இல்லை. யாருமே வந்து பார்க்காத குழந்தைமேல் இவ்வளவு கண் எங்கிருந்தம்மா விழுந்தது? பாக்கெட்டில் மிச்சமிருந்ததையும் கொட்டினேன்.

சமையலறைச் சிம்னி ஓடிக்கொண்டிருந்ததை நான் யோசிக்கவே இல்லை. அதன் குழாய் மாடிப்படிப் பக்கம் திறக்கிறது.

கதவை இடித்தார்கள். திறந்தால் வாட்ச்மேன் துலுக்கானம், “இன்னாம்மா, ஊட்டுக்குள்ள இன்னாத்த கொளுத்திக்கினு கீற? மூணு மாடியும் இருமிக்கினு கீது” என்றார். பின்னால் மேல்வீட்டுப் பெரியவர் சுப்பராயன் சார், மூக்கில் துண்டு. “பத்து நாள் மூக்கடைப்பும்மா. இப்ப தொறந்துடுச்சு” என்றார், திட்டுகிறாரா நன்றி சொல்கிறாரா தெரியவில்லை. எதிர்வீட்டு ரேஷ்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உங்க வீட்ல கொழந்தை இருக்கா? டி.வி. சத்தம்னுல்ல நெனச்சேன்” என்றாள். நான் வந்து எட்டு மாசமாகுது அம்மா. மூணு பேரும் உள்ளே வந்துட்டாங்க. ரேஷ்மா ஃபெபியைத் தூக்கிக்கிட்டா. துலுக்கானம் கதவோரம் நின்னு, “வாய்வும்மா, ஓமத்தைத் துணில கட்டி மூக்காண்ட காட்டு” என்க, சார் அதெல்லாம் இல்லை பல் முளைக்குது என்க, ரெண்டு பேருக்கும் சண்டை. ஃபெபி அழவே இல்லை. ஒவ்வொரு முகமா மாறி மாறிப் பார்த்துக்கிட்டே இருந்தா. நான் டீ போட்டேன். வீட்டில் இருந்த டம்ளர் எல்லாம் வெளியே வந்த நாள் அதுதான்.

ஆகவே, சிம்னியை அணைத்துவிட்டுச் செய்யவும் என்று அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு அன்பு.

இப்படிக்கு,
அருள்செல்வி

பி.கு.: திருத்தம் வேண்டாம். அதற்கப்புறம் யாரும் வரவில்லை. ரேஷ்மா லிஃப்டில் சிரிக்கிறாள், அவ்வளவுதான். ஃபெபி மறுபடி அழுகிறாள். இன்று சாயங்காலம் சிம்னியைப் போட்டுவிட்டு மிளகாயைக் கையில் எடுத்தேன். சுப்பராயன் சாரின் வயசை நினைத்துத் திரும்ப டப்பாவில் போட்டுவிட்டேன். யாரையும் இருமவிடாமல், ஆனால் மாடி முழுக்க மணக்கிற வைத்தியம் ஏதாவது தங்களுக்குத் தெரியுமா? சீக்கிரம் பதில் போடுங்கள் அம்மா.