சூரியனுக்குப் போட்ட பந்தல்

பந்தலின் கடைசித் தென்னோலைக் கிடுகை வைத்துக் கட்டி முடித்த நிமிடமே குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது.

பஞ்சலிங்கம் குழாய்க்குள் எட்டிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். வாய் வைத்து ஊதியும் பார்த்தார். குழாய் அசையவில்லை.

சுன்னாகத்துக்குப் பக்கத்தில் இருந்த அவருடைய வெங்காயத் தோட்டத்துக்கு வெயிலில் ஓடும் தண்ணீர்ப் பம்பைத் தந்தது கடல் கடந்த ஒரு நாடு. ‘இரு நாடுகளும் கைகோத்து நிலைபேறான அபிவிருத்தி’ என்று ஒரு பதாகையும் கூடவே தந்திருந்தது. பத்து மணிக்கு அந்த நாட்டு அதிகாரி அம்மா பார்க்க வருகிறார். பம்பு ஒழுங்காக ஓடினால் ஊரில் தோட்டம் செய்யும் மற்றப் பதினொரு கமக்காரருக்கும் ஒவ்வொன்று கிடைக்கும். கமக்காரர் சங்கத் தலைவர் என்ற மிதப்பில் பஞ்சலிங்கம் பதினொரு பேருக்கும் வாக்குக் கொடுத்துத் தொலைத்திருந்தார்.

“இஞ்சருங்கோ, சோலர் பனலுக்கு மேலையும் சேர்த்துப் பந்தல் போட்டால் வெயில் எங்காலை படும்?” என்றாள் மனைவி உதயகலா.

“அதுக்கு? பெரிய மனுசியைக் கொதிக்கிற வெயிலிலை நிப்பாட்டுறதோ? ஊர் என்ன கதைக்கும்?”

“பாதியைப் பிரியுங்கோவன்.”

“அரைப் பந்தலோ? செத்தவீட்டுக்குக்கூட அரைப் பந்தல் போடமாட்டினம்!”

ஒன்பதரைக்குப் பக்கத்துத் தோட்டத்துச் சிவகரனின் மண்ணெண்ணெய் மிசின் வந்து வாழைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. ஒரு குழாய் கிணற்றுக்குள். மற்றது பம்புக் குழாயோடு. சிவகரன் கயிற்றைச் சுண்டி இழுத்தான். தண்ணீர் பாய்ந்தது. கூடவே எழுந்த சத்தம் மருதனார்மடம் வரை கேட்டிருக்கும்.

“அண்ணை, வெயில் இவ்வளவு சத்தம் போடாது.”

“மேளக்காரரைக் கூப்பிடு!”

கோயில் மேளக்காரர் வந்தார்கள். தவில் அடியில் மிசின் சத்தம் அமுங்கியது. பஞ்சலிங்கம் நிம்மதியாக மூச்சை இழுத்தார். மண்ணெண்ணெய் மணத்தது.

“சாம்பிராணி போடு!”

உதயகலா போட்டாள். கோபத்தில் இரண்டு கை கூடவே போட்டாள். புகை பந்தலுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நின்றது. நாதஸ்வரக்காரருக்கு இருமல் பிடித்தது. நாதஸ்வரமும் சேர்ந்து இருமியது.

அந்த நேரம் பார்த்து வாகனம் வந்து நின்றது. வெளிநாட்டு அம்மாவும் மொழிபெயர்ப்பாளர் ஜெசிதாவும் இறங்கினார்கள். சந்தனம் பூசி, மாலை போட்டு, நிறைகுடத்தைத் தாண்டி அழைத்து வந்தாயிற்று. நுரைத்துப் பாயும் தண்ணீரைக் கண்டதும் அம்மா கைதட்டினார். கூடியிருந்த கமக்காரரும் சேர்ந்து தட்டினார்கள்.

கைதட்டல் விழுந்தால் தங்கள் வேலை முடிந்தது என்று மேளக்காரர் சட்டென்று நிறுத்தினார்கள்.

டக் டக் டக் டக்.

அம்மா காதைச் சாய்த்துக் கேட்டார். நிமிர்ந்து பந்தலைப் பார்த்தார். அதன் நிழலில் சுகமாகக் கிடந்த சோலர் பனலைப் பார்த்தார். பிறகு நேரே வாழைகளை நோக்கி நடந்தார்.

“அங்காலை பாம்பு!” என்று கத்தினார் பஞ்சலிங்கம்.

ஜெசிதா அதையும் மொழிபெயர்த்தாள். அம்மா நிற்கவில்லை.

மிசினுக்குப் பக்கத்தில், மண்ணெண்ணெய்க் கானைக் கட்டிப்பிடித்தபடி சிவகரன் குந்தியிருந்தான்.

“வணக்கம்,” என்றான், வேறொன்றும் தோன்றாமல்.

பஞ்சலிங்கத்துக்கு வெட்கத்தில் கண் கலங்கிவிட்டது. பதினொரு பேரின் பம்பும் தன்னால் போயிற்றே!

“பிழை என்ரை, தங்கச்சி. பந்தல் போட்டது நான். வேணுமெண்டால் என்ரை பம்பைக் கழட்டிக்கொண்டு போகட்டும். மற்றச் சனத்துக்குக் குடுக்கச் சொல்லுங்கோ.”

ஜெசிதா சொல்லி முடிக்குமுன் அம்மாவின் கைத்தொலைபேசி அடித்தது. எடுத்துப் பேசிய அம்மாவுக்கு முகம் வெளிறியது. வாகனம் வந்த ஒழுங்கையின் முனையை எட்டிப் பார்த்துவிட்டு, ஜெசிதாவின் காதுக்குள் படபடவென்று ஏதோ சொன்னார்.

ஜெசிதா குரலைத் தாழ்த்தினாள்.

“ஐயா, அவாவின்ரை மேலதிகாரி பின்னாலை வந்துகொண்டிருக்கிறாராம். இன்னும் அரை மணித்தியாலம் மிசின் ஓட மண்ணெண்ணெய் காணுமோ எண்டு கேக்கிறா.”