அப்பா சாப்பிட்டு முடித்த பியர்ச் சக்கை

பழைய ஆங்கிலத்தில் பட்டம் வாங்கியவளுக்கு லண்டனில் வேலை கிடைப்பது பெரும்பாடு. கிடைக்கப்போகிற வேலையைக் கெடுக்க ஓர் ஐஸ்கிறீம் டப்பா போதும்.

கோலியர்ஸ் வுட் பக்கம் ஒரு சின்ன பியர் ஆலை. சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குக் கதை சொல்ல ஆள் தேடினார்கள். முதல் சுற்றில் தேறியதும், பியர் வடித்து மிஞ்சிய பார்லிச் சக்கையை ஒரு பையில் தந்து, "நாளைக்கு இதைப் பற்றிப் பேசு" என்றார்கள். இதிலும் சொதப்பினால் அப்பாவின் பெற்றோல் நிலையத்தில் கல்லாவில் நிற்பதாக ஏற்பாடு.

"பியர்க் கொம்பனிக்குப் போகவோ இவ்வளவு படிச்சனி?" என்றார் அம்மா.

"குடிக்கப் போகேல்லை அம்மா, கதைக்கப் போறன்."

சக்கையை டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தேன். (எங்கள் மோர்டன் வீட்டில் ஐஸ்கிறீம் டப்பாவுக்குள் ஐஸ்கிறீமைத் தவிர மற்றெல்லாம் இருக்கும்.) காலையில் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

எதிரே மூன்று பேர். மூடியைத் திறந்து, டப்பாவைப் பார்க்காமலே நீட்டினேன். (பார்வையாளரின் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டுமாம், யூடியூப் அறிவு.)

"இதன் பெயர் டிராஃப். நூற்றுக்கணக்கான வருடம் பழைய ஆங்கிலச் சொல். ஜேர்மன்காரரிடமும் டச்சுக்காரரிடமும் இதற்குச் சொந்தக்காரச் சொற்கள் உண்டு. ஸ்கொட்லாந்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. பன்றிக்கும் மாட்டுக்கும் போட்டதால், எதற்கும் உதவாத கழிவு என்றும் அர்த்தம் வந்தது. மணந்து பாருங்கள், மனிதர் வாயில் வைக்க முடியாது!"

மனேஜர் அம்மையார் மணந்தார். விரல் நுனியில் கொஞ்சம் எடுத்து வாயில் வைத்தார்.

"நன்றாக இருக்கிறதே. தேங்காயா?"

குனிந்து பார்த்தேன். அம்மாவின் குரக்கன் (கேழ்வரகு) புட்டு. அப்பாவின் மதியச் சாப்பாடு.

அப்படியென்றால் அப்பா கொண்டுபோனது? நேர்முகமாவது மண்ணாவது, அங்கேயே ஃபோன் போட்டேன்.

"அப்பா, அந்தப் புட்டைச் சாப்பிடாதேங்கோ!"

"வெள்ளனவே பசிச்சுது. முடிச்சிட்டன், பிள்ளை."

"ஐயோ, முழுக்கவோ?"

"ஓம். கொம்மா என்ர சீனி வருத்தத்துக்கு மருந்தா ஏதோ புதுசாப் போட்டிருக்கிறா எண்டு நினைச்சன். உமி பல்லுக்குள்ள நிக்குது. ஏன்?"

"அது பண்டிச் சாப்பாடு, அப்பா!"

அந்தப் பக்கம் மடமடவென்று தண்ணீர் குடிக்கும் சத்தம். "சம்பலோட பரவாயில்லை" என்றார்.

மூவரும் என் முகத்தையே பார்த்தார்கள். இனிப் போவதற்கு மானம் மிச்சமில்லை, அப்படியே மொழிபெயர்த்தேன். மனேஜர் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "பயப்படாதே, சுத்தமான தானியம்தான். இந்தச் சொல்லை இவ்வளவு உயிரோடு யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. எப்போது வேலைக்கு வருகிறாய்?"

போன மாதம், ஆலையைச் சுற்றிக் காட்டி நான் கதை சொல்வதைக் கேட்க அப்பா வந்தார். டிராஃப் என்றால் கழிவு, மனிதர் உண்ணாதது என்று நான் சொன்னதும், வெள்ளைக்காரக் கூட்டத்தின் நடுவே கை உயர்ந்தது.

"நான் சாப்பிட்டனான். உப்புத்தான் காணாது."